அத்தைக்கு ஏன் ரத்தம் ஊறவில்லை?

என் அத்தை கடலூர் முதுநகரில் மீன் விற்கிறவர். விடியும் முன்பே துறைமுகத்தில் ஏலத்துக்கு நின்று, எட்டு மணிக்குள் அன்னக்கூடையோடு தெருவில் இறங்கிவிடுவார். வயது நாற்பத்தேழு. போன வருஷம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி என்று சொல்ல ஆரம்பித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

"தினமும் மீன் திங்கிறவளுக்கு எப்படிடா ரத்தம் கம்மியாவும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அக்கம்பக்கத்தில் வைத்தியத்துக்கா பஞ்சம்? பீட்ரூட் சாறு குடி, மாதுளை தின்னு, பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறப்போடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறும் என்பது நம்மை விட்டுப் போகாத எண்ணம். பீட்ரூட்டின் சிவப்பு ஒரு தாவரச் சாயம், அவ்வளவுதான். 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட அதில் தேறாது. எதிர்வீட்டு ஆயா மட்டும், "சுவரொட்டி வாங்கி வறுத்துக் குடு" என்றார். அதில் சரக்கு இருக்கிறது. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். வயதான சிவப்பணுக்கள் உடைபடுகிற இடம் அது. உடைந்த அணுக்களின் இரும்பு அங்கே நிறைய இருக்கும். ஆயாவுக்கு இந்த விளக்கம் தெரியாது, ஆனால் சொன்ன மருந்து சரி.

அத்தை மூன்று மாதம் இரும்பு மாத்திரை போட்டார். திரும்பப் பார்த்தால் 8.8. இத்தனைக்கும் ஒரு நாள்கூட விடவில்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பினேன், மாத்திரை அட்டைகளை எண்ணியும் பார்த்தேன்.

சரி, ரத்தம் எங்கே எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து வருவோம். இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு இவற்றுக்குள் இருக்கிற மஜ்ஜைதான் பட்டறை. ஒரே வகைத் தாய் அணுவிலிருந்து அங்கே மூன்று சரக்கு வெளியே வருகிறது. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு, காயத்தை அடைக்கும் தட்டணு. ரத்தசோகை ஒரு நோய், எதிர்ப்பு சக்தி வேறு சமாச்சாரம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். ஆனால் இரண்டுக்கும் பட்டறை ஒன்று, மூலப்பொருளில் பாதியும் ஒன்று. ஃபோலிக் அமிலம், பி12 என்ற வைட்டமின்களில் ஒன்று குறைந்தால் சிவப்பணு மட்டும் குறையாது, சில பேருக்கு வெள்ளையணுவும் தட்டணுவும் சேர்ந்தே இறங்கும்.

இந்தப் பட்டறை ஒரு நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயுசு 120 நாள். இதற்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். இவ்வளவும் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. பழைய அணுவை உடைத்து, அதன் இரும்பையே உடம்பு திரும்ப எடுத்துப் புது அணுவுக்குப் போடுகிறது, தட்டார் பழைய நகையை உருக்கிப் புது நகை செய்கிற மாதிரி. சேதாரத்துக்கு ஈடாகக் குடலிலிருந்து ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் உள்ளே வந்தால் போதும். மொத்த உடம்பிலும் இருப்பதே 3, 4 கிராம் இரும்புதான்.

இந்த ஒன்றிரண்டு மில்லிகிராமில்தான் எல்லாக் கதையும். நாம் என்ன சாப்பிடுகிறோம் என்று கணக்குப் பார்க்கிறோமே தவிர, குடல் தாண்டி ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார்ப்பதில்லை. சாப்பிட்டது வேறு, சேர்ந்தது வேறு.

மீன், கறி, ஈரலில் இருக்கும் இரும்பு ஓரளவு சுலபமாகச் சேரும். கீரை, பருப்பு, கேழ்வரகில் இருப்பது அப்படியில்லை. நூறு பங்கில் ஐந்து சேர்ந்தாலும் சேரும், இருபது சேர்ந்தாலும் சேரும். கூட என்ன சாப்பிட்டோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. புளிப்பும் வைட்டமின் சி-யும் இருந்தால் இரும்பு கரைந்து உள்ளே போகத் தோதான வடிவத்துக்கு மாறும். டீ, காபியில் இருக்கும் துவர்ப்புப் பொருள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தாலே தாவர இரும்பு சேர்வது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கால்சியம் மாத்திரை, பால் இவையும் தடைதான். தானியத்தின் தோலில் இருக்கும் பைட்டேட் என்ற பொருளும் அப்படியே.

ஒரு நாள் காலை அத்தையோடு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். ஏலம் முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு கையில் பன், ஒரு கையில் டீ. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, ஒரு மடக்கு டீயில் விழுங்கினார்.

"டீயிலயா அத்தை போடுறீங்க?"

"தண்ணியில போட்டா கொமட்டுதுடா. டீயில தெரியல."

மூன்று மாதமும் இப்படித்தான். அந்த மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கிறது. அதில் எவ்வளவு அத்தைக்குச் சேர்ந்தது என்பதை 8.8 சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இதே சங்கடம் உண்டு. அவர்களுக்கு இரும்பு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரமாவது வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது சுத்தக் கட்டுக்கதை.

இந்த விஷயத்தில் நம் பழைய சமையலைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முருங்கைக்கீரையில் நெத்திலிக் கருவாடு போட்டு வதக்குவது இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. மீனும் கறியும் தங்கள் இரும்பைத் தருவதோடு, கூட இருக்கும் கீரையின் இரும்பையும் சேர வைக்கும். கேழ்வரகை இரவு முழுக்கப் புளிக்க வைத்துத்தான் கூழ் காய்ச்சுகிறோம். இட்லி மாவும் அப்படித்தான். புளிக்கும்போது பைட்டேட் உடைகிறது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு இறங்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார்கள் என்று நான் பெருமை பேச மாட்டேன், ருசிக்காகவே செய்திருப்பார்கள். ஆனால் சட்டியை எடைக்குப் போட்டுவிட்டு நான்ஸ்டிக் வாங்கியபோது எதை விட்டோம் என்று நமக்குத் தெரியவில்லை.

வைட்டமின் சி என்றதும் கடலூர்க்காரனாக ஒரு பழங்கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1783 ஜூன் 20ஆம் தேதி நம் ஊர்க் கடலில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரிய கப்பல் சண்டை நடந்தது. ஆங்கிலேயத் தளபதி ஹியூஸிடம் 18 பெரிய போர்க்கப்பல்கள், பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனிடம் 15. எண்ணிக்கையில் குறைவான பிரெஞ்சுக்காரர்களே கடைசியில் கடலைப் பிடித்தார்கள். ஹியூஸின் கப்பல்களில் குடிநீர் தட்டுப்பாடு, கூடவே ஸ்கர்வி. மாலுமிகள் கூட்டம் கூட்டமாகப் படுத்துவிட்டார்கள். சண்டைக்குப் பிறகு அவர் மதராசுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஸ்கர்வி என்பது வைட்டமின் சி இல்லாமல் வருவது. ரத்தக்குழாயின் சுவரைக் கட்டுகிற கொலாஜன் என்ற புரதம் உறுதிப்பட அந்த வைட்டமின் வேண்டும். அது இல்லாவிட்டால் சுவர் இற்றுப்போய் ஈறில் ரத்தம் வடியும், தோலுக்கடியில் கசியும், ஆறின புண் மறுபடி வாய்திறக்கும். ரத்தம் ஊறினால் போதாது, ஊறின ரத்தம் குழாய்க்குள்ளேயே நிற்கவும் வேண்டும். எலுமிச்சையும் ஆரஞ்சும் ஸ்கர்வியைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747லேயே சோதித்துப் பார்த்திருந்தார். ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாக் கப்பலுக்கும் கொடுக்க ஆரம்பித்தது 1795ல். நடுவில் இருந்த அந்த நாற்பத்தெட்டு வருஷத்துக்குள்தான் கடலூர்ச் சண்டையும் வருகிறது. கரையில் எலுமிச்சை இருக்க, கடலில் ஈறு அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. இன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் விற்கிற ஒரு கொய்யாப்பழம் போதும், ஒரு நாளின் தேவையைத் தாண்டிவிடும். 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் இருக்கிறது, எலுமிச்சையைவிட நாலு மடங்கு.

கதை போதும், அத்தைக்கு வருவோம். டீயிலிருந்து மாத்திரையைப் பிரித்து, மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து எலுமிச்சைத் தண்ணீரில் போட வைத்தோம். இரண்டு மாதத்தில் 9.9. ஏறியது, ஆனால் அதோடு நின்றுவிட்டது. கூடவே பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை என்றார்.

இரும்பு மட்டும் ரத்தமாகிவிடாது. அணு பிறக்கப் பெருக வேண்டும், பெருக அதன் மரபுப்பொருள் இரட்டிக்க வேண்டும், அதற்கு ஃபோலிக் அமிலமும் பி12-உம் வேண்டும். இரண்டையும் கண்டுபிடித்த கதை சுவையானது. ஃபோலிக் அமிலத்துக்கு நம் நாட்டிலேயே வேர் இருக்கிறது. 1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஏன் இவ்வளவு ரத்தசோகை என்று ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு ரத்தம் தேறியது. அதில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று 1931ல் எழுதினார். அந்தப் பொருளை 1941ல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம், அதனால் ஃபோலிக் அமிலம். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரைக்குள் 500 மைக்ரோகிராம் இருக்கிறதே, அது இதுதான்.

பி12 கதையில் ஈரல் வருகிறது. மாத்திரைக்கு மசியாத, ஆளைக் கொல்கிற ஒரு ரத்தசோகைக்குத் தினமும் கால் கிலோ அளவுக்கு ஈரல் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் 1926ல் காட்டினார்கள். நாய்களுக்கு ஈரல் கொடுத்துப் பார்த்து வழிகாட்டிய விப்பிளோடு சேர்த்து 1934ல் நோபல் பரிசு. ஈரலுக்குள் இருந்த அந்தச் சிவப்புப் பொருள் 1948ல் தனியாகக் கிடைத்தது. பி12 செடிகொடிகளில் கிடையாது. மீன், முட்டை, பால், கறியில்தான் உண்டு.

அத்தையோ தினம் மீன் சாப்பிடுகிறவர். பிறகெப்படி? எட்டு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். நெஞ்செரிச்சலுக்குக் கேஸ் மாத்திரை, அதுவும் யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிப் பல வருஷமாக. மீனில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிய வயிற்று அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, இரும்பு சேர்வதையும் சேர்த்தே குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசியில் சேர வேண்டும், அதை மெட்ஃபார்மின் மட்டுப்படுத்துகிறது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் இரண்டு, மூன்று வருஷம் வெளியே தெரியாது. தெரியும்போது நரம்பில் கைவைத்திருக்கும். பி12 குறைவாக இருக்கிறவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ரத்தம் தேறுகிற மாதிரி தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

இன்னொரு வேடிக்கையும் நடந்திருந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், பி12 குறைந்தால் பெருத்துப்போகும். அத்தைக்கு இரண்டும் குறைவு. ஆகவே ரிப்போர்ட்டில் அணுவின் சராசரி அளவு 'நார்மல்' என்று வந்திருந்தது. சராசரியை நம்பி ஆற்றில் இறங்கினவன் கதைதான். அதைப் பார்த்துவிட்டு முதலில் பார்த்த இடத்தில் சும்மா விட்டுவிட்டார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா பக்கத்தில் இருந்த இன்னொரு எண்ணைப் பார்த்தார். அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்று சொல்கிற எண் அது, அதிகமாக இருந்தது. "பி12 பார்த்துடலாம்மா" என்றார். பார்த்ததில் நிஜமாகவே தரையில் கிடந்தது. பி12 ஊசி எழுதிக் கொடுத்தார். அந்த மருந்து சிவப்பாக இருக்கும். சிவப்பைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நம்புகிற நம் வழக்கம் அந்த ஒரு இடத்தில் மட்டும் பலித்தது.

உள்ளே வருவதைப் பார்த்தாயிற்று, வெளியே போவதையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போச்சு, அதாவது மாதம் முழுக்கக் குடல் சேர்த்ததில் பெரும் பங்கு. நாற்பதுகளின் கடைசியில் போக்கு கூடுவதை "இந்த வயசுல அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். மூலத்தில் சொட்டுவதும் கணக்கில் வரும். அப்புறம் கொக்கிப்புழு. மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறவரின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் கடித்துத் தொங்கும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.2 மில்லி வரை குடிக்கும். ஐம்பது புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிகளில் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையைச் சப்பச் சொல்வது இதற்குத்தான். முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவருக்கு ஒரு ஜோடி செருப்பும் ரத்த மருந்துதான் என்பேன்.

இனி எதிர்ப்பு சக்தி. இரும்பு நமக்கு மட்டும் வேண்டியதல்ல, கிருமிக்கும் வேண்டும். அதனால் காய்ச்சல், அழற்சி வந்ததும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது குடலின் கதவை அடைத்து, கிடங்கிலிருக்கும் இரும்பும் வெளியே வராமல் பூட்டிவிடும். கிருமியைப் பட்டினி போடுகிற வேலை. இதனால்தான் நாள்பட்ட நோய் இருக்கிறவர்களுக்கு இரும்பு உள்ளே இருந்தும் ரத்தம் ஊறாது. ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த பெம்பா தீவில் குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுத்த பிள்ளைகள் அதிகமாக நோயில் படுத்தார்கள், அதிகமாக இறந்தார்கள். 2006ல் வெளியான முடிவு அது. இரும்பு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்ற முடியாது. இன்னொன்று: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் காய்ச்சலோடு எடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

கொரோனாவுக்குப் பிறகு மருந்துக்கடை மேஜையில் 'இம்யூனிட்டி' என்று எழுதாத டப்பாவே இல்லை. துத்தநாகம், அதாவது ஜிங்க், அதில் முக்கிய சரக்கு. வெள்ளையணுக்கள் தேற அது வேண்டும் என்பது உண்மை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் ஜிங்க் தருவது நன்றாக நிரூபணமான வைத்தியம். ஆனால் அதிக அளவில் மாதக்கணக்காகப் போட்டால் ஜிங்க் குடலில் செம்பைத் தடுக்கும். செம்பு இல்லாவிட்டால் இரும்பு நகராது, ரத்தசோகை வரும், வெள்ளையணுவும் குறையும். எதிர்ப்பு சக்திக்குப் போட்ட மாத்திரை எதிர்ப்பு சக்தியையே தின்றுவிடும். செம்பு வேண்டும் என்றால் பண்ருட்டி முந்திரி ஒரு கைப்பிடி போதும், ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை.

வைட்டமின் ஏ பற்றி இரண்டு வரி. மாலைக்கண்ணுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். குடல், நுரையீரல் உள்தோலை உறுதியாக வைப்பதும், சேமிப்பு இரும்பை வெளியே எடுத்து மஜ்ஜைக்கு அனுப்ப உதவுவதும் அதன் வேலை. ஒன்பதாவது மாதத்திலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ மருந்தைத் தவற விடாதீர்கள். வைட்டமின் டி-க்கு வெயில் இருக்கிறது, மத்தி மீன் இருக்கிறது. ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும், அது கீரையில் நிறைய. இதய வால்வு வைத்து ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுகிறவர்கள் கீரையை ஒரு வாரம் ஒதுக்கி, ஒரு வாரம் அள்ளிச் சாப்பிடக் கூடாது, ஒரே சீராகச் சாப்பிட வேண்டும்.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 55. ஊருக்கு ஊர் மாத்திரை போகிற மாநிலத்தில் இவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. மாத்திரை வீடு வரை வந்துவிடுகிறது, குடலைத் தாண்டுவதில்தான் சிக்கல் என்பது என் கணிப்பு.

ரேஷன் கடையில் அத்தை வாங்கியிருந்த அரிசி செறிவூட்டியது. கிலோவுக்குப் பத்து கிராம் வீதம், இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாவில் அரிசி மாதிரியே வார்த்த மணிகள் அதில் இருக்கும். நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், களைந்தால் சிலது மிதக்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் பயமில்லை.

போன மாதம் அத்தைக்கு 11.6. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு, ரேஷன் அரிசியிலிருந்து அந்த மஞ்சள் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முற்றத்தில் விட்டெறிந்துகொண்டிருந்தார். கோழிகள் ஓடி ஓடிக் கொத்தின.

"என்ன அத்தை பண்றீங்க?"

"பிளாஸ்டிக் அரிசிடா. கலந்து குடுக்குறானுங்க."

அது என்னவென்று சொன்னேன். கையிலிருந்த மணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கோழிகளைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா இதுங்களுக்குத்தான் ரத்தம் ஊறிச்சா?"